ஆஃபர் லெட்டரைத் திருத்த முடியாதபடி அனுப்பி, முறையாகக் கையெழுத்து வாங்குவது எப்படி?

கேள்வி கேட்டவர் மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஹெச்.ஆர். பார்ப்பவர். அவர் எழுதியதன் சுருக்கம் இது. மாதாமாதம் புது ஆட்களுக்கு ஆஃபர் லெட்டர் போகிறது. வேர்டில் அடித்து, எம்.டி.யின் கையெழுத்துப் படத்தையும் கம்பெனி சீலையும் ஒட்டி, பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். சமீபத்தில் ஒரு பையன் அந்த பிடிஎஃப்பில் சம்பளத்தைக் கூட்டித் திருத்தி, வேறொரு கம்பெனியில் காட்டிப் பேரம் பேசியிருக்கிறான். அந்தக் கம்பெனிக்காரர்கள் சரிபார்க்கக் கேட்டு மெயில் அனுப்பியபோதுதான் இவர்களுக்கு விஷயமே தெரிந்திருக்கிறது. "இனிமேல் பாஸ்வேர்டு போட்டு அனுப்பினால் போதுமா? கையெழுத்தை எப்படி வாங்குவது? அந்த மெயிலுக்கு என்ன பதில் எழுதுவது?" என்று கேட்கிறார்.

பாஸ்வேர்டு போதாது. கண்டவரும் திறந்து பார்க்காமல் தடுப்பது மட்டுமே அதன் வேலை. உங்கள் விஷயத்தில் திறக்க உரிமை உள்ளவரே திறந்து, அவரே திருத்தியிருக்கிறார். பாஸ்வேர்டு போட்டிருந்தாலும் அதை நீங்கள்தானே அவருக்குச் சொல்லியிருப்பீர்கள். யார், எங்கே உட்கார்ந்து திருத்தினாலும் 'இதில் கை வைத்திருக்கிறார்கள்' என்று அந்தக் கோப்பே காட்டிக்கொடுக்க வேண்டும். அதற்கு டிஜிட்டல் கையெழுத்துதான் வழி.

பிடிஎஃப்பில் இரண்டு பாஸ்வேர்டு உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று திறப்பதற்கு. இன்னொன்று, திருத்தாதே, காப்பி எடுக்காதே, பிரிண்ட் போடாதே என்று தடை வைப்பதற்கு. இந்த இரண்டாவதை நம்பித்தான் பல ஆபீஸ்களில் 'லாக் பண்ணி அனுப்பிட்டோம்' என்கிறார்கள். அந்தத் தடையை மதிப்பதும் மதிக்காததும் திறக்கிற மென்பொருளின் கையில் இருக்கிறது. கோப்பைப் பதிவேற்றினால் தடையை நீக்கித் தரும் இலவச இணையதளங்கள் நிறையவே இருக்கின்றன. அதனால் அதைப் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். திறப்பதற்கான பாஸ்வேர்டு மட்டும், 256 பிட் ஏஇஎஸ் என்ற மறைகுறியாக்க முறையில் நீளமாகப் போட்டால், உண்மையிலேயே வலுவானது.

இ-ஆதாரை நீங்கள் டவுன்லோடு செய்திருப்பீர்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் அதன் பாஸ்வேர்டு. நிறைய ஹெச்.ஆர். ஆட்கள் அதே பாணியை ஆஃபர் லெட்டருக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்றுமே போடாததற்கு அது தேவலை. ஆனால் கேண்டிடேட்டின் பெயரும் வயதும் தெரிந்த அண்டை வீட்டுக்காரர்கூட ஊகித்துவிடலாம். இ-ஆதாரில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கையெழுத்துப் பெட்டியை. முதல் தடவை கம்ப்யூட்டரில் திறந்தால் மஞ்சள் கேள்விக்குறியோடு, கையெழுத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று காட்டும். இந்திய அரசின் சான்றளிக்கும் அமைப்பை நம்பலாம் என்று ஒருமுறை அடோபி ரீடருக்குச் சொல்லிவிட்டால் பச்சை டிக் வந்துவிடும். அதன்பிறகு அந்தக் கோப்பில் ஒரு எழுத்தை மாற்றினாலும் டிக் போய்விடும். உங்கள் ஆஃபர் லெட்டரிலும் இந்த டிக் இருக்க வேண்டும்.

ஆகவே முதலில் அந்தக் கையெழுத்துப் படத்தைத் தூக்குங்கள். இதில் நான் கறாராகவே சொல்வேன். ஸ்கேன் செய்த கையெழுத்தும் சீலும் உங்கள் பிடிஎஃப்பில் ஒரு படமாகத்தான் உட்கார்ந்திருக்கின்றன. உங்களிடமிருந்து ஒரே ஒரு ஆஃபர் லெட்டர் வாங்கியவர்கூட அந்தப் படத்தை உருவி, உங்கள் லெட்டர்ஹெட்டில் இன்னும் ஐம்பது கடிதம் தயாரிக்கலாம். வேலை வாங்கித் தருகிறேன் என்று டெபாசிட் வாங்கி ஏமாற்றுகிறவர்களுக்கு இப்படித்தான் சரக்கு கிடைக்கிறது. ஏமாந்த பையனும் அவன் அப்பாவும் கடிதத்தோடு உங்கள் கேட்டுக்குத்தான் வந்து நிற்பார்கள். கடிதத்தின் கடைசியில் 'வேலைக்காக எங்கள் நிறுவனம் யாரிடமும் எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை' என்று ஒரு வரியும், கடித எண்ணைச் சொல்லிச் சரிபார்க்க ஆபீஸ் போன் நம்பரும் போடுங்கள். அப்படி ஏமாந்து வருகிறவர்களுக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைச் சொல்லி அனுப்புங்கள்.

டிஜிட்டல் கையெழுத்துக்கு கிளாஸ் 3 டிஎஸ்சி, அதாவது டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் வேண்டும். கையெழுத்திடும் ரகசியச் சாவியோடு ஒரு யுஎஸ்பி டோக்கனில் அது வரும். ஜிஎஸ்டி, கம்பெனி ஃபைலிங் வேலைகளுக்காக உங்கள் எம்.டி.யிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கும். அது யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஆடிட்டர் ஆபீஸில் ஒரு கவரில், பின் நம்பரை மேலே ஒட்டி வைத்திருப்பார்கள். நம் ஊரில் இது ரொம்ப சாதாரணம், ரொம்ப ஆபத்தும்கூட. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 42ஆவது பிரிவு, அந்தச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பை டிஎஸ்சி வாங்கியவர் தலையில் வைக்கிறது. இன்னொருவரின் மின்னணுக் கையெழுத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. எம்.டி. டோக்கனை நீங்கள் செருகிக் கையெழுத்துப் போடும் வழக்கமே வேண்டாம். ஆஃபர் லெட்டரில் கையெழுத்திட இன்னாருக்கு அதிகாரம் என்று நிர்வாகம் ஒரு தீர்மானம் போடட்டும். உங்கள் பெயரிலேயே, நிறுவனத்தின் பெயரும் சேர்ந்து வரும்படி ஒரு டிஎஸ்சி வாங்கிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடும்போது அடோபியின் அக்ரோபாட் மென்பொருளில் 'செர்ட்டிஃபை' என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். அதில் இனி இந்தக் கோப்பில் என்னென்ன செய்யலாம் என்று கேட்கும். படிவக் கட்டங்களை நிரப்பலாம், கையெழுத்துப் போடலாம், வேறெதுவும் கூடாது என்ற தேர்வை எடுங்கள். கேண்டிடேட் கையெழுத்துப் போட ஒரு கட்டத்தை முன்கூட்டியே வைத்துவிடுங்கள். அவர் அதில் போட்டால் உங்கள் கையெழுத்து செல்லுபடியாகவே இருக்கும். சம்பளத்தில் கை வைத்தால் செல்லாது. திறக்கும் பாஸ்வேர்டும் வேண்டும் என்றால் அதை முதலில் போட்டு, அப்புறம் கையெழுத்திடுங்கள். கையெழுத்துக்குப் பிறகு பாஸ்வேர்டு போடப் போனால் கையெழுத்தே கெட்டுவிடும். பிரிண்ட் எடுத்துத் திரும்ப ஸ்கேன் செய்தாலும் போச்சு. அதில் மிஞ்சுவது வெறும் படம்தான்.

பூட்டுவதைவிடப் பூட்டுவதற்கு முன்னால் உள்ளே என்ன வைக்கிறோம் என்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும் என்பேன். நான் பார்த்தவரை சம்பள ரகசியம் வெளியே போவது பெரும்பாலும் ஹெச்.ஆர். மேஜையிலிருந்துதான். போன வாரம் ஒருவருக்கு அடித்த கடிதத்தைத் திறந்து, பெயரையும் சம்பளத்தையும் மாற்றி 'சேவ் ஆஸ்' கொடுப்பது எல்லா ஆபீஸிலும் நடக்கிறது. கடிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் வேர்டு கோப்பின் பண்புகளில் 'டைட்டில்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் பழைய ஆளின் பெயர் ஏறியிருந்தால் அது அப்படியே தங்கி, பிடிஎஃப்புக்கும் போய்விடும். புது ஆள் அதை பிரவுசரில் திறந்தால் மேலே டேபில், தனக்கு முன்னால் ஆஃபர் வாங்கியவரின் பெயர் தெரியும். ஒருமுறை உங்கள் பழைய கடிதங்களைத் திறந்து பாருங்கள்.

இதைவிட மோசமானது கடிதத்தோடு இணைக்கும் சம்பள விவரம், அதாவது அனெக்சர். எக்செல்லில் இருக்கும் சி.டி.சி. (ஒருவருக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) கணக்கைக் காப்பி செய்து வேர்டில் ஒட்டும்போது சிலர் அதை எக்செல் ஆப்ஜெக்டாக ஒட்டிவிடுகிறார்கள். பார்ப்பதற்கு எட்டு வரி அட்டவணைதான். அந்த வேர்டு கோப்பை யாராவது வாங்கி அட்டவணையில் இரண்டு தடவை கிளிக் செய்தால், மொத்த எக்செல் புத்தகமும் திறந்துகொள்ளும். அடுத்த ஷீட்டில் அந்த பேட்சில் எடுத்த எல்லோருடைய சம்பளமும் இருக்கும். எனவே வேர்டு கோப்பு ஆபீஸை விட்டு வெளியே போகவே கூடாது. 'சார், ஒரு சின்ன திருத்தம், வேர்டுல அனுப்புங்க' என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். திருத்தத்தை அவர்கள் மெயிலில் சொல்லட்டும், நீங்கள் செய்து புது எண்ணோடு புது பிடிஎஃப் அனுப்புங்கள்.

ஆள் அதிகம் என்றால், எக்செல்லில் உள்ள விவரங்களை வேர்டு கடிதத்தில் தானாக நிரப்பும் மெயில் மெர்ஜ் நல்லது. மாறுகிற விவரங்கள் மட்டும் எக்செல்லில் இருக்கட்டும், கடிதத்தின் உடம்பை யாரும் தொடக்கூடாது. மெர்ஜ் முடிந்ததும் ஒவ்வொரு பிடிஎஃப்பிலும் பெயர், பதவி, மொத்தச் சம்பளம், சேரும் தேதி ஆகிய நான்கையும் இன்னொருவர் எக்செல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அடித்தவரே சரிபார்த்தால் கண் தவறும். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் போடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடித எண்ணும் '3இல் 2' என்பதுபோல் பக்க எண்ணும் வரட்டும். பான், ஆதார், வங்கிக் கணக்கு எண்களுக்கு ஆஃபர் லெட்டரில் வேலையே இல்லை. அதெல்லாம் சேரும்போது வாங்கிக்கொள்ளலாம். கடிதத்தில் இல்லாத விவரம் கடிதம் மூலமாகக் கசியாது.

தொழிலாளர்களுக்குத் தமிழில் கடிதம் கொடுத்தால் யூனிகோடு எழுத்துருவில் அடித்து, எழுத்துருவைப் பிடிஎஃப்புக்குள்ளேயே பதித்து அனுப்புங்கள். பழைய பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்து, அதைப் பதிக்காமல் விட்டால், அவர்கள் போனில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரியும். படிக்க முடியாத கடிதத்தில் கையெழுத்து வாங்கி என்ன பயன்? இரண்டு மொழியிலும் கொடுத்தால், முரண்பாடு வந்தால் எது செல்லும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சரி, இப்போது கேண்டிடேட் பக்கம் வருவோம். பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் கவனிக்காத பக்கம் இது. உங்கள் ஆட்களில் பலர் திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் பக்கத்துப் பிள்ளைகளாக இருப்பார்கள். வீட்டில் பிரிண்டர் கிடையாது, லேப்டாப்பும் எல்லோரிடமும் இல்லை. 'பிரிண்ட் எடுத்து, எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பவும்' என்று நீங்கள் எழுதினால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போகும். கடைக்காரர் சுவரில் எழுதி வைத்திருக்கும் வாட்ஸ்அப் நம்பருக்குக் கடிதத்தை அனுப்பும். பாஸ்வேர்டையும் வாயாலேயே சொல்லும். கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோடு ஃபோல்டரில் அது கிடக்கும். கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்த பிரதி டெஸ்க்டாப்பில் இன்னொன்று கிடக்கும். அடுத்து உட்காருகிறவர் எவரும் அதைத் திறக்கலாம். இங்கே கடைக்காரரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளையை அங்கே அனுப்பியது நம்முடைய நடைமுறைதான்.

அதனால் போனிலேயே படித்து, போனிலேயே கையெழுத்திட முடிகிற ஏற்பாடு ஒன்று உங்களுக்கு வேண்டும். ஆதார் ஓடிபி வழியாக மின்னணுக் கையெழுத்துப் போடும் இ-சைன் இதற்குத்தான் பயன்படுகிறது. மத்திய அரசின் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளர் உரிமம் கொடுத்த சி-டாக், இமுத்ரா, புரோட்டீன் போன்ற நிறுவனங்கள் வழியாக இது நடக்கிறது. இவற்றோடு இணைந்து, கடிதத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு சேவை தரும் இணையதளங்களும் இருக்கின்றன. நீங்கள் டிஎஸ்சி போட்ட பிடிஎஃப்பை அங்கே ஏற்றினால் கேண்டிடேட்டுக்கு லிங்க் போகும். படித்துப் பார்த்து, ஆதார் எண்ணைக் கொடுத்து, ஓடிபி போட்டால் கையெழுத்து விழுந்துவிடும். இப்படிப்பட்ட சேவைகள் பலவற்றில் பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப்பை ஏற்ற முடியாது. அங்கே பாஸ்வேர்டுக்குப் பதில், லிங்க்கைத் திறக்கவே ஓடிபி கேட்கும்படி அமைத்துக்கொள்ளலாம். சேவையை முடிவு செய்வதற்கு முன், நீங்கள் ஏற்கெனவே டிஎஸ்சி போட்ட கோப்பு ஒன்றை ஏற்றி, இரண்டாவது கையெழுத்துக்குப் பிறகும் உங்கள் கையெழுத்து செல்லுபடியாக இருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

சட்டப்படி இது செல்லும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 5ஆவது பிரிவு மின்னணுக் கையெழுத்துக்கு அங்கீகாரம் தருகிறது. 10ஏ பிரிவு, மின்னணு வழியில் உருவானது என்பதாலேயே ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது. உயில், பவர் பத்திரம், டிரஸ்ட் பத்திரம் போன்றவற்றைத்தான் அந்தச் சட்டம் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. வேலை ஆஃபர் அந்தப் பட்டியலில் இல்லை.

நடைமுறையில் இரண்டு இடத்தில் சிக்கும். ஒன்று, ஆதாரோடு இணைந்த போன் நம்பர். பள்ளியில் படிக்கும்போது எடுத்த ஆதாரில் அப்பாவின் நம்பர் இருக்கும், இல்லாவிட்டால் எப்போதோ விட்டுப்போன பழைய சிம் இருக்கும். ஓடிபி வரவே வராது. லிங்க் அனுப்புவதற்கு முன்பே போனில் இதைக் கேட்டுவிடுங்கள். இரண்டாவது, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மதிப்பெண் பட்டியலில் 'பி. முத்துக்குமார்' என்று இருப்பவர் ஆதாரில் 'முத்துக்குமார் பி' ஆக இருப்பார். சிலருக்கு அப்பா பெயரே முழுசாகப் பின்னால் ஒட்டியிருக்கும். இ-சைனில் ஆதாரில் உள்ள பெயர்தான் வரும். கடிதத்தில் வேறு மாதிரி இருந்தால் பின்னால் ஒரு தகராறில் 'அது நான் இல்லை' என்று சொல்ல இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நேர்காணலுக்கு வரும்போதே ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதி வைத்து, கடிதத்தையும் அதேபோல் அடியுங்கள்.

இ-சைனுக்காக உருவாகும் சான்றிதழின் ஆயுள் அரை மணி நேரம்தான். ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது சான்றிதழ் காலாவதி என்று எங்கேயாவது காட்டினால் பதற வேண்டாம். கையெழுத்துப் போட்ட நேரத்தில் அது உயிரோடு இருந்ததா என்பதுதான் கேள்வி. அதற்காகத்தான், கையெழுத்தான நேரத்தைக் கோப்பிலேயே பதிக்கும் நேர முத்திரை உள்ள சேவையாகப் பார்த்து எடுக்கச் சொல்கிறேன்.

ஆதார் கொடுக்க விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஓடிபி வராதவரையும் அலைக்கழிக்காதீர்கள். அவர்களுக்கு நேரில் வந்து பேனாவால் கையெழுத்திடுவதே நல்லது. ஐ.டி.ஐ. முடித்து டிரெய்னியாக வருகிற பிள்ளைகளுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். இரண்டு பிரதி எடுத்து, எல்லாப் பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஒன்றை அவர் கையில் கொடுங்கள். கூடவே வருகிற அப்பாவோ அண்ணனோ படித்துப் பார்க்க நேரமும் கொடுங்கள். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை வாங்கி பீரோவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஏற்றுக்கொள்வது எப்படி இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 7ஆவது பிரிவில், ஏற்பு முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது. பிரதியில் சேரும் தேதியை அடித்துவிட்டுப் பேனாவால் வேறு தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், அவர் உங்கள் ஆஃபரை ஏற்கவில்லை, புதிதாக ஒன்றைக் கேட்கிறார் என்றுதான் பொருள். அதை அப்படியே ஃபைலில் போட்டுவிடாமல், ஒப்புக்கொண்டால் புதுக் கடிதம் கொடுங்கள். எந்தத் தேதிக்குள் ஏற்க வேண்டும் என்றும், அது தாண்டினால் ஆஃபர் தானாக முடிந்துவிடும் என்றும் கடிதத்திலேயே போடுங்கள். ஆஃபர் லெட்டரோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயம். சேர்ந்த அன்றே அதையும் இதே முறையில் கொடுத்துவிடலாம்.

திருத்திய அந்தக் கடிதம் பற்றி உங்களுக்கு வந்த மெயிலுக்கு எப்படிப் பதில் எழுதுவது என்றும் கேட்டிருந்தீர்கள். எங்கள் பதிவில் உள்ள கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய பிரதி ஒத்துப்போகவில்லை என்று மட்டும் எழுதுங்கள். உண்மையான சம்பளம் எவ்வளவு என்று எழுத வேண்டாம். அது அந்தப் பையனின் தனிப்பட்ட விவரம். அவன் ஒப்புதல் இல்லாமல் மூன்றாவது ஆளுக்குப் போகக்கூடாது. அவன் இன்னும் உங்களிடம் சேரவில்லை என்றால், கூப்பிட்டு விளக்கம் கேட்டுவிட்டு, ஆஃபரை எழுத்து மூலம் திரும்பப் பெறுவதா வேண்டாமா என்று நிர்வாகம் முடிவு செய்யட்டும்.

கையெழுத்தான கோப்பை எப்படி வைப்பது? இரு தரப்பும் கையெழுத்திட்ட பிடிஎஃப், இ-சைன் நிறுவனம் தரும் தணிக்கைப் பதிவு, நீங்கள் அனுப்பிய மெயில், மூன்றையும் கடித எண் பெயரில் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். கோப்பின் எஸ்.ஹெச்.ஏ. 256 ஹாஷ் எண்ணை எடுத்து ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். கோப்புக்குக் கைரேகை மாதிரி அது, கோப்பில் ஏதாவது மாறினால் எண்ணும் மாறிவிடும். விண்டோஸிலேயே அதை எடுக்க வசதி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆவது பிரிவில், மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது ஒரு சான்றிதழும் கேட்கிறார்கள். அதில் ஹாஷ் எண்ணுக்கு என்றே இடம் இருக்கிறது. ஒரு பகுதியில் ஆவணத்தைக் கொடுப்பவரும், இன்னொரு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்தான அன்றே எடுத்து வைத்த எண் இருந்தால், கோப்பு அன்றிலிருந்து மாறவில்லை என்று காட்டுவது சுலபம். அந்த ஃபோல்டரைத் திறக்கும் அனுமதி உங்களுக்கும் சம்பளம் போடுகிறவருக்கும் போதும். ஆஃபரை ஏற்காமல் போனவர்களின் கடிதங்களையும் மதிப்பெண் பட்டியல் நகல்களையும் எவ்வளவு நாள் வைப்பது என்று ஒரு காலக்கெடு எழுதி வைத்துக்கொண்டு, அது முடிந்ததும் அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் முன்பு அனுப்பியவற்றையும் ஆபீஸ் போனிலிருந்து எடுத்துவிடுங்கள்.